பதினோரு ஸ்டாப்பிங்

விருதுக்கான படிவத்தில் ஒன்பதாவது கேள்விக்குக் கீழே மட்டும் இன்னும் வெள்ளையாகக் கிடந்தது. 'இச்சேவையில் ஈடுபடத் தங்களைத் தூண்டிய நிகழ்வு எது? நூற்றைம்பது சொற்களுக்கு மிகாமல் எழுதவும்.' மிகாமல். மிகும் என்று யாருக்கோ முன்பே தெரிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள் மங்கையர்க்கரசி. அடையாறு டிப்போவில் பஸ் காலியாகத்தான் வந்து நின்றது, ஜன்னலோரம் கிடைத்தது, ஆனாலும் அவள் நடைவழிப் பக்கமே உட்கார்ந்தாள்; பின்னால் ஏறிய தையல் துணி மூட்டைக்காரி "நீ நவுரலயாம்மா?" என்று கேட்டு, அவள் முழங்காலைத் தாண்டி உள்ளே போய், மூட்டையை மடியில் இருத்திய மறுநிமிடமே கம்பியில் தலை சாய்த்துத் தூங்கிப்போனாள். ஆறு வருஷமாக மங்கை ஜன்னலோரம் உட்காருவதில்லை. கேட்பவர்களிடம் காற்று ஒத்துக்கொள்வதில்லை என்பாள். 'என் தந்தையார்' என்று எழுதினாள், பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதில் தந்தையாருக்கு வால் முளைத்தது, அடித்துவிட்டாள். போன வருஷம் ஒரு பத்திரிகைக்காரப் பெண் இதே கேள்வியைக் கேட்டபோது அப்பாவைச் சொல்லித்தான் தப்பித்தாள். தேவகோட்டையில் கம்பவுண்டராக இருந்த அப்பா, ஏழை எளியவர்களிடம் ஊசிக்குக் காசு வாங்கமாட்டார், அதைப் பார்த்து வளர்ந்தவள் நான், என்று. அது அப்பாவின் படத்தோடு அச்சில் வந்தது. ஊரிலிருந்து சித்தப்பா போன் பண்ணி, "ஏத்தா, அண்ணன் எப்பத்தா சும்மா ஊசி போட்டாரு? கூடப்பொறந்த எங்கிட்டயே ரெண்டு ரூவாய வாங்கிட்டுத்தான சட்டையத் தூக்கச் சொல்வாரு" என்று சிரித்தார். அப்பா மறுக்கவில்லை. செத்தவர்கள் எதையும் மறுப்பதில்லை, அதுதான் அவர்களிடம் உள்ள பயங்கரம்; நீ என்ன எழுதினாலும் பேசாமல் பார்த்துக்கொண்டு நிற்பார்கள், ஒரு கையில் இரண்டு பையோடு, இன்னொரு கையால் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு. வேண்டாம், அங்கே போகாதே. திருவான்மியூர் வந்துவிட்டதா? இன்னும் இல்லை.

இங்கிலாந்தில், லீட்ஸ் நகரில், மங்கை மனநல ஆலோசகராக வேலை பார்த்த பதினாறு வருஷமும் முதல் சந்திப்பில் எல்லோரிடமும் ஒரு வாக்கியம் சொல்லுவாள். வெளியே எங்காவது உங்களைப் பார்க்க நேர்ந்தால் நானாக உங்களைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளமாட்டேன். நீங்கள் விரும்பினால் நீங்கள் பேசலாம். கேட்டவுடன் எதிரே இருப்பவரின் தோள் ஒரு விரற்கடை இறங்கும். அந்த இறக்கத்தை அவள் விரும்பினாள். ஒருமுறை கடையில் பணம் கட்டும் வரிசையில் அவளிடம் வந்துகொண்டிருந்த ஒரு வங்கிக்காரர் முன்னால் நின்றார், மனைவியோடு. சூப் டின்னின் பின்பக்கம் அச்சிட்டிருந்ததை அவள் ஐந்து நிமிஷம் எழுத்துக்கூட்டிப் படித்தாள். அடுத்த வாரம் அந்த மனுஷர் கண் கலங்க நன்றி சொன்னார். முகத்தைத் திருப்பிக்கொள்வது அந்த ஊரில் ஒருவருக்குக் கொடுக்கும் பரிசு. முப்பத்தொன்பது வயதில் எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு சென்னைக்குத் திரும்பியபோது அந்தப் பரிசையும் பத்திரமாகக் கொண்டுவந்தாள். சுங்கத்தில் யாரும் பிடிக்கவில்லை. அடையாறில் குளிரூட்டிய அறை, மங்கலான விளக்கு, வெளியே பேச்சுக் கேட்காமலிருக்க மழைச் சத்தம் எழுப்பும் ஒரு சின்ன இயந்திரம். வந்தவர்களும் அதற்கேற்றவர்கள், காரில் வந்து காரில் போனவர்கள். செவ்வாய்க்கிழமை மட்டும் ஊருக்கு வெளியே, சதுப்பு நிலத்தின் ஓரத்தில், ஆற்றோரக் குடிசைகளைப் பிரித்துக் கொண்டுவந்து கொட்டிய எட்டு மாடி ஹவுசிங் போர்டு வீடுகளுக்குப் போய் இலவசமாகப் பார்த்தாள். வாரத்தில் ஒரு நாள். அது அவளுக்கே ஒரு மருந்து மாதிரி இருந்தது, உண்மையைச் சொன்னால் நெற்றியில் இட்டுக்கொள்ளும் விபூதி மாதிரி. அவர்களுக்காக ஒப்புதல் படிவத்தைத் தானே உட்கார்ந்து தமிழில் எழுதினாள். தேவகோட்டைப் பள்ளிக்கூடத் தமிழ், பதினாறு வருஷம் பெட்டிக்குள் கிடந்து கசங்காமல் எடுத்த பட்டுப் புடவை. எட்டாவது பத்தி: 'பொதுவிடங்களில் ஆலோசகர் தங்களை அறிந்தவராகக் காட்டிக்கொள்ளமாட்டார்.' அந்த வாக்கியத்தை எழுதி முடித்ததும் பெருமையாகக்கூட இருந்தது. லூர்துமேரி அதைப் படிக்கவில்லை. "நீங்க சொன்னா சரியாத்தான்மா இருக்கும்" என்று கையெழுத்துப் போட்டு, பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தாள். மூடித் திருப்பிக் கொடுப்பவர்கள் குறைவு.

முப்பத்துநாலு வயசு லூர்துவுக்கு. பெருங்குடியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் தரை துடைக்கும் வேலை, பச்சைக் கோட்டு, காதில் சின்னதாகச் சிலுவைத் தோடு. எட்டாவது மாடிக்கு வந்ததிலிருந்து தூக்கமில்லை என்று வந்தாள். "கண்ண மூடுனா பில்டிங்கு ஆடுதும்மா. கீழ எறங்கி மண்ண மிதிச்சாத்தான் நிக்குது. பூமி கால்ல ஒட்டமாட்டேங்குது." பதினாலு செவ்வாய் வந்தாள். பத்தாவது செவ்வாயோ என்னவோ, எழுந்து போகும்போது கதவருகில் நின்று, "உங்களுக்கு எத்தினி பேரு கதைம்மா உள்ள போவுது? அதுக்கு மேல சாப்பாடு எறங்குதா?" என்று கேட்டாள். மங்கை பயிற்சியில் கற்றுக்கொடுத்தபடி புன்னகை செய்தாள். இன்று கேட்டிருந்தால், இறங்கலடி, என்று சொல்லியிருப்பாள். பஸ் கந்தன்சாவடியைத் தாண்டி மெட்ரோ வேலைக்கு அடைத்த தகரத் தடுப்புகளுக்கு நடுவில் ஊர்ந்தது. வெயில் தகரத்தில் பட்டு உள்ளே எல்லோர் முகத்திலும் அலை அலையாக அடித்தது. கண்டக்டர், "படியில நிக்காத, உள்ள ஏறு, உள்ள கல்யாணமா நடக்குது, ஏறு" என்று யாரையோ விரட்டினார். பெருங்குடி. இங்கேதான். ஆறு வருஷத்துக்கு முன்னால், இதே பெருங்குடி, இதே தடம், மணி மட்டும் சாயங்காலம் ஐந்தேகால். அன்று மங்கையின் கார் பட்டறையில் கிடந்தது, அதுவும் செவ்வாயே இல்லை, ஒரு வெள்ளிக்கிழமை. போர்டு வீட்டு அறைக்குப் புதுப் பூட்டுப் போட வேண்டுமென்று பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் ஒற்றைச் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். முன்வாசலில் லூர்து ஏறினாள், பச்சைக் கோட்டோடு. கையில் சாப்பாட்டுப் பை ஒன்று, அரிசிப் பை ஒன்று. கூடவே அதே பிளாக்கைச் சேர்ந்த இன்னொரு பெண். கூட்டம் லூர்துவைத் தள்ளிக்கொண்டு வந்து சரியாக மங்கையின் சீட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தியது. லூர்து பார்த்தாள். முகம் அப்படியே மலர்ந்தது. 'நீங்க விரும்பினால் நீங்க பேசலாம்' என்றால் சிரிப்பது பேச்சில் சேர்த்தியா? அந்த ஒரு கணத்தில் மங்கை அதைத்தான் யோசித்தாள், சத்தியமாக அதைத்தான். பக்கத்தில் நிற்பவள் யாரென்று தெரியாது, நான் சிரித்தால் அவள் 'யாருடி அது?' என்பாள், லூர்து என்ன சொல்லுவாள், பைத்தியத்துக்குப் பார்க்கிறவங்க என்றா? நாளைக்கு எட்டு மாடிக்கும் தெரியும். அவளைக் காப்பாற்று. மங்கை முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினாள்.

பதினோரு ஸ்டாப்பிங். ஒன்றிரண்டு நிமிஷம் என்றால் சரி, சூப் டின். பதினோரு ஸ்டாப்பிங் என்பது ஏறக்குறைய நாற்பது நிமிஷம், ஒரு சந்திப்பின் நேரம். கழுத்து நரம்பு இழுத்துக்கொண்டது. வெளியே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. தகரம், டயர் கடை, பிரியாணி போர்டு, மறுபடி தகரம். அரிசிப் பை அவள் முழங்கையில் இடித்தது, ஒவ்வொரு பிரேக்குக்கும் ஒருமுறை இடித்தது, ஐந்து கிலோ இருக்கும், லூர்து பையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள், மறுபடி பிரேக், மறுபடி இடித்தது. ஒரு பெண் பையோடு நின்றால் உட்கார்ந்திருப்பவள் வாங்கி மடியில் வைத்துக்கொள்கிற ஊர் இது. பேர் கேட்கமாட்டாள், முகம்கூடப் பார்க்கமாட்டாள், கை தன்னால் நீளும். யாரென்றே தெரியாதவளுக்குச் செய்வது. மங்கை தெரியாதவளாக இருப்பதில் அவ்வளவு மும்முரமாக இருந்ததில் தெரியாதவள் செய்வதைக்கூடச் செய்யவில்லை. ஆறாவது ஸ்டாப்பிங்கிலோ ஏழாவதிலோ பின்சீட்டிலிருந்து காலேஜ் படிக்கிற பெண் ஒருத்தி, காதிலிருந்து ஒயரைக்கூட எடுக்காமல், "குடுங்கக்கா" என்று கையை நீட்டி இரண்டு பையையும் வாங்கிக்கொண்டாள். லூர்து சொன்னது கேட்டது. "இருக்கட்டும்மா, உனக்கு எதுக்கு கஷ்டம்." குரலில் ஒன்றுமில்லை. அதில் ஏதாவது இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடுத்த செவ்வாய் லூர்து வரவில்லை. வேலை மாற்றியிருப்பார்கள், ஷிப்ட்டு, என்று குறிப்பேட்டில் எழுதினாள். அதற்கடுத்த செவ்வாய்க்கு முந்தின நாள், எட்டாவது மாடிக் கைப்பிடிச் சுவருக்கு வெளியே கட்டியிருந்த கம்பியில் துணி காயப்போடும்போது தவறி விழுந்துவிட்டாள் என்றார்கள். ஈரத் துணி இருந்தது கீழே, அது உண்மை. மாமியாரின் புடவை. போலீசும் அப்படித்தான் எழுதியது. அப்படித்தான் இருக்கும். அங்கே பிள்ளைகள் விழுந்திருக்கிறார்கள், கம்பி துருப்பிடித்தது, சோப்புத் தண்ணீர் வழுக்கும். அப்படித்தான் இருக்கும் என்று ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்லிக்கொள்ளலாம்? சாவு வீட்டில் லூர்துவின் தங்கை ஸ்டெல்லா, அழுது வீங்கின முகத்தோடு, சண்டை போடுகிற எண்ணமே இல்லாமல், ஏதோ பொதுவாக ஞாபகம் வந்ததைச் சொல்வதுபோல் சொன்னாள்: "உங்கள பஸ்ல பாத்தாளாம்மா. வந்து சொன்னா. 'அந்த அம்மாவுக்கு ரூமுக்குள்ளதான்டி என்னத் தெரியும், வெளிய தெரியாது'ன்னா. சொல்லிட்டு சிரிச்சா." சொல்லிட்டு சிரிச்சா. எப்படிச் சிரித்தாள் என்று கேட்க முடியவில்லை. தெரிந்தால் தூங்கலாம் போலவும், தெரிந்துவிட்டால் ஒருபோதும் தூங்க முடியாது போலவும்.

இதை நூற்றைம்பது சொல்லில் எழுது. 'ஒரு பையை வாங்கவில்லை.' மூன்று சொல் போதுமே. மற்றதெல்லாம் பின்னால் வந்தது: அடையாறு அறையை மூடியது, லீட்ஸ் வீட்டை விற்றதில் வந்ததை அப்படியே வைத்து அறக்கட்டளை தொடங்கியது, மூன்று குடியிருப்புகளில் மூன்று அறை, அங்கேயே வசிக்கிற இருபத்திரண்டு பெண்களுக்குப் பயிற்சி, மேடை, சால்வை, 'வெளிநாட்டு வாழ்வைத் துறந்து வந்த' என்று தொடங்கும் வரவேற்புரை. கை தட்டும்போதெல்லாம் அவள் தலையைக் குனிந்துகொள்வாள். அடக்கம் என்று எழுதினார்கள். அடக்கமா! கள்ளன் தலை குனிவதை யாரும் அடக்கம் என்பார்களா? கதவைச் சாத்தி உட்கார்ந்து பேசுகிற முறை இங்கே ஆகாது என்பதைக் கண்டுபிடித்ததுகூட அவள் இல்லை, நாகரத்தினம். நாலாவது பிளாக்கில் இட்லி போடுகிறவள், முதல் அணியில் சேர்ந்தவள், ஐம்பது வயசு, வாய் ஓயாது. "கதவ சாத்துனா யார்மா வருவா? பைத்தியக்கார ரூம்புன்னு பேரு வச்சுட்டானுங்க. பிரஷர் பாக்குற மிஷின் ஒண்ணு வாங்கிக் குடு. பிரஷர் யாருக்கு இல்ல?" வாங்கினாள். கையில் பட்டையைச் சுற்றி, ரப்பர் குமிழை அழுத்தி, காற்று ஏறும்போது "ம், பேசு" என்றால் போதும். பட்டை இறுக்கிப் பிடித்திருக்கும்போது பெண்கள் பேசினார்கள், அவிழ்த்துவிட்டால் நிறுத்திவிட்டார்கள். அதனால் அவிழ்ப்பதில்லை. லீட்ஸில் யாரும் நம்பமாட்டார்கள். பயிற்சியில் அவள் அந்த எட்டாவது பத்தியைப் பேச்சுவாக்கில் சொல்லப் போக, இருபத்திரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நாகரத்தினம்தான் கேட்டாள்: "பாத்தா பேசாம போறதா? அய்ய, அப்டிப் போனாத்தாம்மா சந்தேகம் வரும், இவளுக்கும் அவளுக்கும் இன்னா சண்டன்னு. ரேசன்ல அரிசி போட்டானான்னு கேட்டுட்டுப் போ. யாரு யார வேணா கேக்கலாம் அத." எல்லோரும் சிரித்தார்கள். மங்கையும் சிரித்தாள். எழுந்து கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள்.

துரைப்பாக்கத்தில் பஸ் ஒரு பக்கம் சாய்கிற அளவுக்குக் கூட்டம் ஏறியது. படிவத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்து நிமிர்ந்தவள் கண்ணில் முன்வாசலில் ஏறிக்கொண்டிருந்த அம்சவல்லி பட்டாள். இடுப்பில் குழந்தை ஜோஷிகா, தோளில் ஜிப் பிய்ந்த ஒரு பெரிய துணிப் பை. மூன்று வாரமாகக் கண்ணில் படாதவள். உயிரோடிருக்கிறாள். அம்சா நாலு மாசமாக வருகிறவள். முதல் நாள் பட்டையைச் சுற்றப் போனபோது, "அங்க வேணாங்கா, கொஞ்சம் கீழ" என்றாள். மேல்கையில் நாலு விரல் பதிந்த தடம், பழுத்த நாவல்பழ நிறத்தில். குழந்தை எப்போதும் மங்கையின் மடியில். குமிழை அழுத்துவது அதன் வேலை, புஸ் புஸ் என்று வாயாலும் சத்தம் கொடுத்துக்கொண்டு. கடைசியாக வந்தபோது அம்சா சொன்னாள், "நான் வரலன்னா செத்துட்டேன்னு நெனைக்காதக்கா, மாட்டிக்கினேன்னு நெனச்சுக்கோ." பிறகு வரவில்லை. அவள் புருஷன் டில்லிபாபு, லோடு வேன் ஓட்டுகிறவன், மங்கை இல்லாத ஒரு நாளில் அறைக்கு வந்து நாகரத்தினத்திடம் நின்றிருக்கிறான். "எம் பொண்டாட்டி இங்க வர்றாளா?" பிரஷர் பார்க்க வருவாள் என்றாளாம் நாகரத்தினம். "பிரஷர் பாக்க முக்கா மணி நேரமா? இன்னா பிரஷரு, குக்கரு பிரஷரா?" என்றானாம். அதற்கப்புறம் வீட்டில் பூட்டுத் தொங்கியது. இப்போது அந்தப் பை. ஜிப் பிய்ந்த பை. 'ஒரு நாள் இந்தத் துணிய அள்ளிப் போட்டுனு எங்க அம்மா வூட்டுக்குப் போயிடுவேன்' என்று சொன்னாளே, போயிருக்கிறாள். போனவளைத் திரும்பக் கூட்டிவருகிறார்கள். பின்வாசல் பக்கம், ஆம்பிளைகளுக்கு நடுவில், இடது புருவத்தில் வெட்டுத் தழும்போடு ஒருவன் கழுத்தை நீட்டி முன்பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான். தழும்பை அம்சா சொல்லியிருக்கிறாள், கல்யாணத்துக்கு முன்னால் அது அழகாக இருந்தது என்றுகூடச் சொல்லியிருக்கிறாள். அவனுக்கு மங்கையைத் தெரியாது. "ஏய், அங்கயே நிக்காத, உள்ள போ" என்று இங்கிருந்தே கத்தினான். கூட்டம் அம்சாவைத் தள்ளிக்கொண்டு வந்தது. வரவேண்டாம், வேறு சீட்டுக்குப் போ, என்று மங்கை உள்ளுக்குள் கெஞ்சினாள். கூட்டத்துக்கு ஆறு வருஷம் முந்தியதெல்லாம் மனப்பாடம். சரியாகக் கொண்டுவந்து அதே இடத்தில் நிறுத்தியது.

அம்சா பார்த்தாள். அவள் முகம் மலரவில்லை. ஒரு துளி ரத்தம் வடிந்த மாதிரி வெளுத்தது, அவ்வளவுதான், பிறகு கண் கண்டக்டரின் தலைக்கு மேலே எங்கோ போய் நின்றது. சிரிக்காதே என்கிறதா அந்த முகம், கைவிட்டுவிடாதே என்கிறதா? முகத்தைப் படிப்பதற்குத்தானே உனக்குச் சம்பளம் கொடுத்தார்கள் பதினாறு வருஷம், படி. படிக்க வரவில்லை. பேசினால் அவன் கேட்பான், யார் அது, எப்படித் தெரியும், முக்கால் மணி நேரம் என்ன சொன்னாய், இன்று ராத்திரியே கேட்பான், கேட்கிற விதத்தில் கேட்பான். பேசாவிட்டால், தப்பித்து ஓடி, பிடிபட்டுத் திரும்பி வருகிறவள், வழியில் முதல்முதலாகப் பார்க்கிற தெரிந்த முகம் ஜன்னல் பக்கம் திரும்புவதைப் பார்ப்பாள். ரூமுக்குள்ளதான்டி. எட்டாவது மாடியில்லை, அம்சாவுக்கு ஐந்தாவது. ஐந்தாவது மாடியும் உயரம்தான். மங்கையின் கழுத்து தானாகவே ஜன்னல் பக்கம் இழுக்கத் தொடங்கியது, அந்த நரம்புக்கு வழி தெரியும், பழகிய மாடு மாதிரி. நிறுத்து. எத்தனை ஸ்டாப்பிங் போயிருக்கும்? ஒன்று. இன்னும் எத்தனை? காரப்பாக்கம் என்று யாரோ சொன்னார்கள். பிரேக். துணிப் பை அவள் முழங்கையில் இடித்தது. அம்சா பையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். அதே இழுப்பு. நடைவழியில் அம்சாவுக்குப் பின்னால் இன்னும் ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள், பச்சைக் கோட்டோடு, மங்கை பார்க்கவில்லை, பார்க்காமலே தெரிந்தது, அவள் இந்தத் தடத்தில் எப்போதும் ஏறுகிறவள்தான், டிக்கெட் வாங்காமல், உட்கார இடம் கேட்காமல். அவளிடம் மங்கை எத்தனையோ தடவை பேசிப் பார்த்திருக்கிறாள். ரேஷனில் அரிசி போட்டானா என்றுகூட ஒருமுறை. பதில் கிடையாது. யாரு யார வேணா கேக்கலாம் அத. தெரிந்தவளாக இருக்கவும் முடியாது, தெரியாதவளாக இருக்கவும் முடியாது. மறுபடி பிரேக். குழந்தையின் செருப்புக் கால் மங்கையின் தோளில் இடித்தது. தெரியாதவளாக இரு. அன்று அதைத்தான் ஒழுங்காகச் செய்யவில்லை. தெரியாதவள் என்ன செய்வாள்? காதில் ஒயரோடு அந்தக் காலேஜ் பெண் என்ன செய்தாள்? மங்கை முகத்தைத் தூக்கவில்லை. கைகள் மட்டும் மடியிலிருந்து எழுந்தன, இரண்டும், வேறு யாருடைய கைகளோ போல. "குடும்மா, குழந்தைய" என்றாள்.

அந்தக் கைகள் காற்றில் எவ்வளவு நேரம் நின்றன என்று பிறகு எத்தனை யோசித்தும் அவளுக்குப் பிடிபடவில்லை. ஒரு மூச்சு நேரம் இருக்கலாம். பிறகு கனம் வந்து விழுந்தது. குழந்தையின் வியர்வை, தேங்காய் எண்ணெய், பால் பிஸ்கட் வாசனை. துணிப் பையும் இறங்கி அவள் காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. அப்போதுதான் உறைத்தது: குழந்தைக்கு அவளைத் தெரியுமே! ஜோஷிகா நிமிர்ந்து முகத்தைப் பார்த்தது. மூன்று வயசுக் கண்ணுக்கு எட்டாவது பத்தி தெரியாது. வாயைத் திறந்தது. மங்கையின் முதுகுத்தண்டில் ஈரத் துணியைச் சுற்றின மாதிரி இருந்தது. என்ன செய்துவிட்டேன், இதுவும் என் கையாலா, இவளையுமா? பின்னாலிருந்து டில்லிபாபுவின் குரல், தலைகளுக்கு மேலாக: "ஏய், புள்ள எங்க? யார்கிட்ட குட்த்த?" அம்சா திரும்பாமலே, சலிப்பாக, எந்தப் பொண்டாட்டியும் எந்தப் பஸ்ஸிலும் சொல்லுகிற குரலில் சொன்னாள்: "இங்க ஒரு அக்கா குந்தினு கீறாங்க. அவங்ககிட்ட." "தெரிஞ்சவங்களா?" பஸ் உறுமியது. தையல்காரியின் தலை மங்கையின் தோளில் சாய்ந்தது. "யாரோ" என்றாள் அம்சா. "தெரில." அவன் தலை மறுபடி கூட்டத்துக்குள் முங்கிப்போனது. யாரோ. தெரில. அந்த இரண்டு சொல்லையும் மங்கை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள், குழந்தையோடு. இப்படித்தான் இருந்திருக்குமா அது? இப்படித்தான் நெஞ்சில் இறங்கியிருக்குமா லூர்துவுக்கு? இல்லை, அவள் கையில் பை இருந்தது. என் கையில் குழந்தை இருக்கிறது.

சோழிங்கநல்லூர் சிக்னலில் பஸ் நின்றது. குழந்தை எதுவும் கத்தவில்லை. மங்கையின் இடது மேல்கையை இரண்டு பிஞ்சுக் கையாலும் வளைத்துப் பிடித்தது. எட்டவில்லை, ஆனாலும் பிடித்தது. பிறகு ஒரு கையை எடுத்து, உள்ளங்கையில் இல்லாத குமிழை அழுத்தியது. புஸ். புஸ். பட்டை இறுகுவதற்கு நேரம் கொடுப்பதுபோல் கொஞ்சம் பொறுத்தது. அப்புறம் அவள் முகத்துக்கு மிக அருகில் வந்து, வேறு யாருக்கும் கேட்காமல், நாலு மாசமாகத் தன் தலைக்கு மேலே கேட்டுக் கேட்டுப் பழகிய அதே தொனியில், "ம், பேசு" என்றது. பதினாறு வருஷமும் பிறகு ஒன்பது வருஷமும் அவள் யாரிடமும் பேசியதில்லை; அவளுக்குப் பட்டை சுற்றியவர் யாருமில்லை. பேசு என்று மறுபடி சொல்லி, விரல்களை இறுக்கியது. மங்கை குனிந்து, பிஸ்கட் தூள் ஒட்டின அந்தக் காதில் ஒரு பெயரைச் சொன்னாள். அதற்குப் பின்னால் இன்னொரு வாக்கியம் சொன்னாள். குழந்தை மிகுந்த அக்கறையோடு கேட்டு, தலையை ஆட்டி, பிரஷர் பார்த்து முடித்ததுபோல் கையை விட்டது. மேலே அம்சாவின் முகம் தெரியவில்லை, வளையல் போட்ட கை மட்டும் கம்பியில் தெரிந்தது. வெளுத்த விரல் கணுக்கள், ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.

போர்டு வீட்டு வளைவு வந்ததும் அம்சா குனிந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டாள், பையை எடுத்துக்கொண்டாள். கண்ணைப் பார்க்கவில்லை. "வரேங்கா" என்றாள், யாரிடமும் சொல்லுவதுபோல. டில்லிபாபு பின்வாசலில் இறங்கி, பையை அவளிடமிருந்து வெடுக்கென்று வாங்கி, முன்னால் நடந்தான், அவள் பின்னால். மங்கையும் அங்கேதான் இறங்க வேண்டும். இறங்கவில்லை. அவர்களுக்குப் பின்னால் போகக் கூடாது, இன்னும் ஒரு ஸ்டாப்பிங் தள்ளி இறங்கித் திரும்பி நடக்கலாம், பத்தரைக்கு நாகரத்தினம் திறந்து வைத்திருப்பாள், அடுத்த செவ்வாய் அம்சா வரலாம், வராமல் போகலாம், வராவிட்டால் செத்துட்டேன்னு நெனைக்காத. மேல்கையில் குழந்தையின் விரல் பட்ட இடம் இன்னும் இறுகியிருந்தது. பஸ் கடைசி நிறுத்தத்தில் வந்து மூச்சை விட்டது. ஆட்கள் இறங்கினார்கள். எஞ்சின் நின்ற அமைதியில் தையல்காரி திடுக்கிட்டு விழித்து, "வந்துட்ச்சா?" என்று மூட்டையை அணைத்து எழுந்தாள். எழுந்தவள், வழி விடாமல் உட்கார்ந்திருந்தவளையும் நடைவழிப் பக்கமாக நீண்டிருந்த அவள் இரண்டு கைகளையும் பார்த்தாள். "இன்னாம்மா, கைய நீட்டினே குந்தினு கீற? யார்னா இன்னும் எதுனா குட்க்கணுமா?" மங்கை நிமிர்ந்தாள். நடைவழியில் ஒருவருமில்லை. மேல்கம்பியில் ஒரு பிடிவார் மட்டும், இப்போதுதான் யாரோ விட்டதுபோல, ஆடிக்கொண்டிருந்தது.

"ஆமாம்மா" என்றாள். "ரெண்டு பை."